வம்சாவளிப் புத்தகத்தில் விடுபட்ட அத்தை!

மாசி மகா சிவராத்திரிக்கு மறுநாள் காலை, வில்லாபுரம், அவனியாபுரம் பக்கத் தெருக்களில் வரிசையாக வேன்கள் வந்து நிற்கும். குலசாமி கும்பிடப் போன குடும்பங்கள் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும். பிழைப்புக்காக மதுரைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். ஆனாலும் காரியாபட்டிக்கும் திருமங்கலத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் அப்பால் எங்கோ ஒரு கண்மாய்க்கரையில் இருக்கும் சாமியை விட முடியாது. இறங்கும் பைகளில் விபூதிப் பொட்டலம் இருக்கும், எலுமிச்சம்பழம் இருக்கும். சமீப காலமாக வழவழ அட்டை போட்ட ஒரு சிறு புத்தகமும் இருக்கிறது.

கோயில் குடமுழுக்கை ஒட்டியோ, பங்காளிகள் கூட்டத்தை ஒட்டியோ அச்சடித்துக் கொடுக்கப்படும் வம்சாவளிப் புத்தகம் அது. முதல் பக்கத்தில் சாமி படம். அடுத்து, ஏதோ ஓர் அரசர் காலத்தில் ஏதோ ஓர் ஊரிலிருந்து கிளம்பி வந்த ஆதி முன்னோரின் கதை. பிறகு மூத்த வகையறா, இளைய வகையறா என்று கிளை கிளையாகப் பெயர்கள். கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியலும் செல்போன் எண்களும். அதே வாரத்தில் அது பி.டி.எஃப் ஆகி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

நல்ல முயற்சிதான். பெரியப்பாவின் மகனுக்கே பெயர் தெரியாத காலத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து முந்நூறு பெயர்களைத் திரட்டியிருக்கிறார். ஆனால், அச்சில் வந்துவிட்டதாலேயே அது உண்மையாகிவிடுமா? இதை வெறும் பெருமை சம்பந்தப்பட்ட கேள்வியாக ஒதுக்க முடியாது. பெண் பார்க்கும்போது 'இவர்கள் பங்காளியா, மாமன் மச்சானா' என்று புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சு வந்தால் புத்தகம் வெளியே வருகிறது. பூர்வீக நிலத்தில் பங்கு என்று பேச்சு எழுந்தாலும் அப்படித்தான். அப்போது, புத்தகத்தில் பெயர் இல்லாத ஓர் அத்தை, குடும்பத்திலேயே இல்லாதவராக ஆக்கப்படுகிறார்.

பாண்டியன் கேட்ட ஆதாரம்

இந்தக் கேள்வி மதுரைக்குப் புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேட்டில் ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது. கொற்கை கிழான் வழியில் வந்த நற்சிங்கன் என்பவர் அரசரிடம் முறையிடுகிறார். 'வேள்விக்குடி என்ற ஊரை, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டியர் எங்கள் முன்னோருக்குத் தானமாகக் கொடுத்தார். இடையில் வந்த களப்பிரர் அதைப் பறித்துக்கொண்டார்கள். எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும்' என்பது முறையீட்டின் சாரம்.

அரசர் உடனே ஊரைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 'உன் பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு நிறுவிக்காட்டு, பெற்றுக்கொள்' என்கிறார். அப்படியே நிறுவியதும் ஊர் திரும்பக் கிடைக்கிறது. என் பாட்டன் பெயர் இது என்று வந்தவர் சொன்னது போதவில்லை. அவருக்கு வேண்டப்படாத, அந்த வட்டாரத்தை அறிந்த மற்றவர்களின் வாய்மொழியும் தேவைப்பட்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கறாராக ஆதாரம் கேட்ட அரசரின் சொந்த வம்சாவளியும் அதே செப்பேட்டில் இருக்கிறது. அது சந்திரனிலிருந்து தொடங்குகிறது! குடிமகனுக்கு ஒரு சட்டம், அரண்மனைக்கு ஒரு சட்டம்.

ஆனால் அந்தச் செப்பேட்டிலேயே பாராட்ட வேண்டிய ஒரு நேர்மையும் உண்டு. முதுகுடுமிக்குப் பிறகு களப்பிரர் வந்தார்கள் என்கிறது. அவர்களிடமிருந்து நாட்டை மீட்டவர் கடுங்கோன் என்கிறது. கடுங்கோனிலிருந்து நெடுஞ்சடையன் வரை வரிசையாகப் பெயர்களைச் சொல்கிறது. ஆனால், முதுகுடுமிக்கும் கடுங்கோனுக்கும் நடுவே நூற்றாண்டுக்கணக்கில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பப் பத்துப் பெயர்களைக் கற்பனை செய்து போடவில்லை. தெரியாததை அப்படியே விட்டிருக்கிறது.

வம்சாவளிப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது இந்த இடைவெளியைத்தான். 'இவருடைய தகப்பனார் பெயர் தெரியவில்லை', 'இந்தக் கிளை பர்மா போனதாகச் சொல்கிறார்கள், பிறகு விவரம் இல்லை' என்று நாலு இடத்திலாவது எழுதியிருந்தால், தொகுத்தவர் விசாரித்து எழுதியிருக்கிறார் என்று நம்பலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒரு பெயர்கூட விடுபடாமல் இருக்கிறது என்றால், சந்தேகப்படத்தான் வேண்டும். ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் பெயரைச் சொல்ல முடிந்தவர்கள் எத்தனை பேர்?

மேல் பாதி கதை, கீழ்ப் பாதி கணக்கு

சோழர் செப்பேடுகளும் இதையே வேறு மாதிரி காட்டுகின்றன. அன்பில், லெய்டன், திருவாலங்காடு என்று பல செப்பேடுகளில் சோழர்களின் வம்ச வரிசை இருக்கிறது. சூரியன், மனு, சிபி என்று போகும் மேல் பகுதியில் ஒரு செப்பேடு சொல்லும் பெயர்களும் வரிசையும் இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை. விஜயாலயனுக்கு வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

அந்தக் கீழ்ப் பகுதியை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விஜயாலயன், ஆதித்தன், முதலாம் பராந்தகன், அரிஞ்சயன், சுந்தர சோழன், ராஜராஜன். அப்பா - மகன் என்று ஐந்து படிகள். விஜயாலயன் ஆட்சி தொடங்கியது ஏறத்தாழ 850. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. 135 ஆண்டுகளை ஐந்தால் வகுத்தால் ஒரு தலைமுறைக்கு 27 ஆண்டுகள். சாதாரண மனிதர்களின் குடும்பக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இதே கணக்கை வீட்டுப் புத்தகத்துக்கும் போடலாம். 'திருமலை நாயக்கர் காலத்தில் வந்தோம்' என்று எழுதியிருக்கிறதா? திருமலை நாயக்கர் ஆட்சி 1623 முதல் 1659 வரை. அன்றிலிருந்து இன்று வரை கிட்டத்தட்ட 370, 400 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் என்று வைத்தால் 12 முதல் 16 தலைமுறை வர வேண்டும். புத்தகத்தில் ஆறு பெயர்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொருவரும் அறுபது வயதைத் தாண்டித்தான் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். ஒன்று, நடுவில் பாதிப் பேர் விடுபட்டிருக்கிறார்கள். இல்லையென்றால், நாயக்கர் காலம் என்பது பின்னால் ஒட்டவைத்தது. இரண்டில் எது என்று புத்தகத்தை வைத்தே சொல்ல முடியாது. அந்த மேல் பகுதியை அப்படியே நம்ப வேண்டாம் என்று மட்டும் முடிவுக்கு வரலாம்.

ஒரு பகுதி தவறு என்பதால் முழுப் புத்தகத்தையும் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. பெரும்பாலான வம்சாவளிகளில் கடைசி மூன்று, நான்கு தலைமுறைகள் நல்லபடியாகவே இருக்கும். தொகுத்தவரின் தாத்தா, அவர் நேரில் பார்த்த பெரிய தாத்தா வரை சரியாக இருக்கும். அதற்கு மேலே போகப் போகக் கேள்விஞானம். உச்சியில் புராணம்.

பாளையக்காரர்கள் ஏன் எழுதினார்கள்?

மதுரைச் சீமையின் பாளையக்காரர்களுக்கும் வம்சாவளிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியும் அவருடைய உதவியாளர்களும் ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளில் அவை நிறையவே இருக்கின்றன. பலவற்றில் ஒரே அச்சு தெரியும். முன்னோர் ஒருவர் வடக்கிலிருந்து வருவார். ஒரு புலியையோ, மல்லனையோ, எதிரியையோ வீழ்த்துவார். அரசர் மகிழ்ந்து பட்டமும் நிலமும் கொடுப்பார்.

எட்டயபுரத்துக் கதையும் அப்படித்தான். அந்த வம்சத்து முன்னோர் ஒருவர் சோமன் என்ற பலசாலியைக் கொன்றதாகவும், ஆதரவற்றுப் போன அவனுடைய எட்டுத் தம்பிகளுக்கும் அப்பனாக இருந்து காத்ததால் 'எட்டப்பன்' என்ற பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். கேட்க இனிமையான கதை. ஆனால், ஒரு பெயர் வந்த காரணத்தைப் பிசிறில்லாமல் விளக்கும் கதை என்றாலே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெயர் முதலில் இருந்து, கதை பின்னால் பிறப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இந்த வம்சாவளிகள் எழுதப்பட்ட காலத்தைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களை ஒடுக்கி, சிலவற்றை ஜமீன்களாக மாற்றி, யாருக்கு எந்த உரிமை என்று தீர்மானித்துக்கொண்டிருந்த நேரம் அது. 'நீ யார், எந்தப் பாத்தியத்தில் இந்த நிலத்தை வைத்திருக்கிறாய்' என்று அதிகாரம் கேட்கும்போது எழுதப்படும் வரலாறு, அந்தக் கேள்விக்கான மனுவாகவும் ஆகிவிடும். அதில் இருப்பதெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. எழுதியவருக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டயபுரம் அரண்மனைக்காக சாமி தீட்சிதர் எழுதிய 'வம்சமணி தீபிகை' 1879-ல் அச்சில் வந்தது. கட்டபொம்மன் விவகாரத்தில் எட்டயபுரம் எந்தப் பக்கம் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அரண்மனையின் வரலாற்றில் பாஞ்சாலங்குறிச்சிக்கு நியாயம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1919-ல் பாரதியார் எட்டயபுரம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புத்தகத்தின் மொழிநடையைக் குறை சொல்லி, நல்ல தமிழில் எழுதித் தர முன்வந்தார். வறுமையில் இருந்த காலம். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அருமையான தமிழில் ஒரு நூல் வந்திருக்கும். ஆனால், நடை அழகாகிவிட்டால் தகவலும் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. இன்று வண்ணப் படங்களோடு வரும் வம்சாவளிகளுக்கும் இது பொருந்தும்.

தாத்தா பெயர் பேரனுக்கு வந்தால்...

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். கருப்பையா மகன் பெரியசாமி, அவர் மகன் கருப்பையா, அவர் மகன் பெரியசாமி என்று சங்கிலி போகும். இதை வாய்மொழியாகக் கேட்டு எழுதுபவர் இரண்டு கருப்பையாக்களை ஒருவராக்கிவிடலாம். அல்லது ஒரே கருப்பையாவை இருவராக எழுதிவிடலாம். மூத்த கருப்பையா வாங்கிய நிலம் இளைய கருப்பையா கணக்கில் ஏறிவிடும். ஒரே தாத்தாவின் பெயரை அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் வைத்திருந்தால் சிக்கல் இன்னும் முற்றும்.

பாண்டியர்களிடமும் இதே தொல்லை உண்டு. மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்கள் மாறி மாறி வரும். பிற்காலப் பாண்டியரில் சுந்தர பாண்டியன், வீரபாண்டியன், குலசேகரன் என்ற பெயர்களில் பலர். போதாக்குறைக்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆட்சியில் இருந்திருக்கிறார்கள். பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிரிக்க முடியாமல் ஆராய்ச்சியாளர்கள் திணறினார்கள். கல்வெட்டுகளில் இருந்த நட்சத்திரம், திதி, கிழமை ஆகியவற்றை வைத்து நாள் கணக்கிட்டுத்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தார்கள். அந்த வேலையில் எல்.டி.சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பங்கு பெரியது.

வீட்டு வம்சாவளிக்கும் மருந்து இதுதான். பெயரோடு ஒரு தேதியோ, ஊரோ, மனைவி பெயரோ சேர வேண்டும். 'கருப்பையா' என்று மட்டும் இருந்தால் அது யாராகவும் இருக்கலாம். 'இன்ன ஊரில் பெண் எடுத்த கருப்பையா' என்றால் அது ஒரே ஆள். மனைவியின் பெயரும் பிறந்த ஊரும் இல்லாத வம்சாவளி பாதி வம்சாவளிதான்.

மொய் நோட்டு பொய் சொல்லாது

சரி, எதை வைத்துச் சரிபார்ப்பது? பலரும் ஓலைச்சுவடியையும் செப்பேட்டையும் தேடுகிறார்கள். அதைவிட நல்ல ஆதாரம் பரணில் கிடக்கிறது. மொய் நோட்டு!

மதுரைப் பக்கத்தில் மொய் என்பது திருப்பிச் செய்தாக வேண்டிய கணக்கு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொரு விசேஷத்திலும் யார், எந்த ஊர், எவ்வளவு என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். இப்போது கணினியில் தட்டி ரசீதே கொடுக்கிறார்கள். அந்த நோட்டை எழுதியவருக்கு வம்சப் பெருமை பேசும் எண்ணம் கிடையாது. நாளைக்குச் செய்முறை தவறிவிடக் கூடாது என்ற கவலைதான். பெயரைத் தப்பாக எழுதினால் அங்கேயே சண்டை வந்துவிடும். அதனால்தான் அதை நம்பலாம். தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தது என்பது தெரிந்தால், அந்த வீட்டு அம்மா எந்த ஊரில் பிறந்தவர், அவருக்கு எத்தனை சகோதரர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். யார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது என்று பார்த்தால் அவர் எந்தத் தேதிக்கு முன் இறந்தார் என்பது தெரிந்துவிடும். கிரையப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தகப்பன் பெயர் இருக்கும். நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'இதற்குக் கிழக்கே என் தம்பி நிலம்' என்று இருந்தால், புத்தகத்தில் இல்லாத ஒரு தம்பி அங்கே கிடைத்துவிடுவார். பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு போட வேண்டும். பள்ளிக்கூட டி.சி, இறப்புச் சான்று, ஜாதகக் குறிப்பு, இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பமென்றால் அப்போது கொடுத்த அட்டை, இவை எல்லாமே வம்சாவளி எழுதும் எண்ணம் யாருக்கும் இல்லாத நேரத்தில் பிறந்த காகிதங்கள்.

செட்டிநாட்டு நகரத்தார் இதை ஓர் அமைப்பாகவே வைத்திருக்கிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராகத்தான் ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி கோயிலில் ஒரு 'புள்ளி'யாகப் பதிவாவார்கள். கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். ஐம்பது ஆண்டு கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதும் பட்டியலுக்கும், நடந்த அன்றே எழுதப்பட்ட பதிவுக்கும் இருக்கும் தூரம் ரொம்பப் பெரியது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'நாலு புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது' என்பார்கள். நாலும் முதல் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தது என்றால், சாட்சி நாலு அல்ல, ஒன்றுதான். ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வாட்ஸ்அப் காலத்தில் ஒரு பிழை ஒரே இரவில் நாற்பது குழுக்களுக்குப் போய்விடுகிறது.

'சந்ததி இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

வம்சாவளிகளில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு சொற்கள் 'சந்ததி இல்லை'. சில புத்தகங்களில் 'வாரிசு இல்லை' என்று இருக்கும். அந்த வரியில் நின்று விசாரிக்க வேண்டும். பல நேரம் அதன் அர்த்தம், 'ஆண் பிள்ளை இல்லை' என்பதுதான். மூன்று மகள்களைப் பெற்று வளர்த்து, கட்டிக்கொடுத்து, பேரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இறந்தவர்கூட புத்தகத்தில் சந்ததியற்றவராக நிற்கிறார். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகன், இளைய தாரத்துப் பிள்ளைகள், தத்துப் பிள்ளை, கொழும்புக்கோ மலேயாவுக்கோ போய்ச் சண்டையோடு தொடர்பு அறுந்த சித்தப்பா என்று விடுபட்டவர்களின் பட்டியல் நீளும். பல நேரங்களில் மறதியால் விடுபடுவதில்லை. யாரோ வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.

இதன் விலையைச் சிவகங்கை ஜமீன் வழக்கு காட்டுகிறது. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல் மகன் இல்லாமல் இறந்தார். ஜமீன் அவருடைய அண்ணன் வழிக்குப் போனது. ஆண்களை மட்டும் எழுதும் வம்சாவளியில் இது இயல்பான வரிசையாகத் தெரியும். தம்பிக்குச் சந்ததி இல்லை, அண்ணன் மகனுக்குப் பட்டம் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆனால், அவருக்கு மனைவிகளும் மகள்களும் இருந்தார்கள். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு மதுரையில் ஆரம்பித்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. குடும்பம் பிரியாமல் இருந்தாலும், அந்த ஜமீன் கௌரி வல்லபருக்குத் தனியாக வந்த சொத்து. எனவே, மனைவிமாருக்குப் பிறகு அது மகளுக்குத்தான் போக வேண்டும் என்று 1863-ல் தீர்ப்பு வந்தது. அப்பா இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே, 25.3.1989-க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுக்கப்பட்டது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற பிரிவினையையே எடுத்துவிட்டது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, இது பிறப்பாலேயே வரும் உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த நிலையில், மகள்களின் பெயர் இல்லாத ஒரு புத்தகம் பங்காளிகள் கையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

கோர்ட்டில் புத்தகம் நிற்குமா?

நிற்கலாம், நிற்காமலும் போகலாம். 1872-ம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 32-வது பிரிவு இதற்கென்றே இடம் கொடுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 26-வது பிரிவு. உறவுமுறையை நன்றாக அறிந்த ஒருவர், இப்போது உயிரோடு இல்லாத நிலையில், அவர் முன்பு எழுதியதையோ சொன்னதையோ சான்றாக எடுத்துக்கொள்ளலாம். குடும்ப வம்சாவளி, உயில், கல்லறைக் கல்வெட்டு, குடும்பப் படம் வரை சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை இருக்கிறது. அது, தகராறு தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

1983-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பீகாரின் பெட்டியா சமஸ்தான வழக்கு இதில் முக்கியமானது. மகாராஜா 1893-ல் வாரிசில்லாமல் இறந்தார். அவருடைய இரண்டாவது மனைவி 1954-ல் இறந்த பிறகு, பல தலைமுறைக்கு முந்தைய ஒரே முன்னோரிடமிருந்து வந்த நெருங்கிய உறவு நாங்கள் என்று வம்சாவளியோடு வந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் வெற்றியும் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வம்சாவளி எங்கிருந்து வந்தது, எவ்வளவு பழையது, வழக்குக்கு முந்தியதா பிந்தியதா, வாய்மொழியாகச் சொல்பவருக்கு அது யாரிடமிருந்து, எப்போது, எந்தச் சூழலில் தெரியவந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாகவே சொன்னது. வேள்விக்குடிக்கு உரிமை கேட்டு வந்தவரிடம் பாண்டியன் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

அதனால்தான் புத்தகத்தின் அச்சிட்ட தேதியும் தொகுத்தவர் பெயரும் அவ்வளவு முக்கியம். பாகப்பிரிவினை வழக்கு போட்ட மறு வருடம் வெளியான வம்சாவளியும், யாருக்கும் யாரோடும் சண்டை இல்லாத 1960-களில் ஒரு பள்ளி ஆசிரியர் நோட்டில் எழுதிவைத்த வம்சாவளியும் ஒன்றாக இருக்க முடியாது. பின்னதில் எழுத்துப்பிழை நிறைய இருந்தாலும் எடை அதற்குத்தான் அதிகம். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றுக்கு மாற்றாகப் பங்காளிகள் புத்தகத்தை நீட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையில் இருக்கும் புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டால், ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து தெரிந்தது என்று குறிக்கலாம். பத்திரத்தில் இருந்தால் 'ப', மொய் நோட்டில் இருந்தால் 'மொ', நேரில் பார்த்த ஒருவர் சொன்னால் அவர் பெயர். எதுவுமே இல்லையென்றால் ஒரு கேள்விக்குறி. 'சந்ததி இல்லை' என்ற வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, வீட்டிலேயே மூத்த அப்பத்தாவிடம் உட்கார்ந்து கேட்கலாம். பட்டியலைப் படித்துக் காட்டி 'சரியா' என்று கேட்டால் 'சரி' என்றுதான் சொல்வார். 'அந்த வீட்டில் யார் யாருக்குச் சடங்கு சுத்தினார்கள், சீர் யார் கொண்டுவந்தார்கள்' என்று கேட்டால், புத்தகத்தில் இல்லாத பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். செல்போனில் பதிவு செய்துகொண்டு, தேதியையும் அவர் வயதையும் அதிலேயே சொல்லி வைப்பது நல்லது.